கழனியில் மும்முனை மின்சாரம் வந்ததா? வீட்டிலிருந்தே அறிய 866 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி பக்கம் கிணற்றுப் பாசனம் செய்கிறவர்களுக்குத் தெரிந்த தொல்லைதான். மும்முனை மின்சாரம் வந்திருக்கிறதா என்று பார்க்கவே நடுராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு மோட்டார் கொட்டாய் வரை நடக்க வேண்டும். சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் வேண்டும், மலையடிவாரக் கொல்லைகளில் செல்போன் சிக்னலும் வேண்டும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குள்தான் தூரம் என்றால், இரண்டு சின்ன ரேடியோ போர்டுகளை நீங்களே செய்து இந்த வேலையை முடிக்கலாம். இரு முனைக்கும் சேர்த்துச் செலவு சுமார் இரண்டாயிரம் ரூபாய், கம்பம் தனி.

சால்டரிங் அயர்ன் பிடிக்கவும், ஆர்டுயினோவில் ஒரு நிரலை ஏற்றவும் தெரிந்தவர்களுக்காக இது எழுதப்பட்டது. ரேடியோ பற்றி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

எந்த அலைவரிசை, எந்த மாட்யூல்

கடையில் 433 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு துண்டாக, மிக மலிவாக ஒரு ஜோடி கிடைக்கும். அதை வாங்காதீர்கள். அதிலுள்ள ரிசீவர் சூப்பர்-ரீஜெனரேட்டிவ் வகை. எதிரில் யாரும் அனுப்பாதபோதும் இரைச்சலையே தரவாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் மணி அடிக்க அது போதும், கழனிக்கு ஆகாது. இந்தியாவில் 433 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமமில்லா அனுமதியும் 10 மில்லிவாட் அளவுக்குத்தான்.

நமக்கு ஏற்றது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. 2005 முதல் இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். டிரான்ஸ்மிட்டர் திறன் 1 வாட், ஆன்டெனாவையும் சேர்த்து 4 வாட், அலை அகலம் 200 கிலோஹெர்ட்ஸ், இவைதான் வரம்பு. நாம் அனுப்பப்போவது 50 மில்லிவாட், 125 கிலோஹெர்ட்ஸ். சொந்த உபயோகத்தோடு நிற்காமல் செய்து விற்பதாக இருந்தால் அலைவரிசைகளைக் கவனிக்கும் மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவிடம் ஈடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்று வாங்க வேண்டும்.

மாட்யூல் வாங்கும்போது சிப்பின் பெயரைப் பாருங்கள். எஸ்எக்ஸ்1276 சிப் உள்ள லோரா (குறைந்த திறனில் நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ முறை) மாட்யூல் வேண்டும்: ஆர்எஃப்எம்95, அல்லது ஆர்ஏ-01எச். 'எச்' இல்லாத ஆர்ஏ-01 மாட்யூலில் இருப்பது எஸ்எக்ஸ்1278. பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அது 525 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போய் மாற்றி வாங்கி வந்துவிட்டால் காட்பாடியிலிருந்து திரும்பவும் ரயில் ஏற வேண்டியதுதான்.

திறனைவிட உயரம்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது "அதிக பவர்" மாட்யூல். காசு அங்கே போகக் கூடாது. கணக்கைப் பாருங்கள். வெட்டவெளியில் 866 மெகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டரில் இழப்பது சுமார் 91 டெசிபல். நாம் அனுப்புவது +17 டிபிஎம் (50 மில்லிவாட்டைத்தான் டெசிபல் கணக்கில் இப்படிச் சொல்வது). அதனால் எதிர் முனைக்கு −74 டிபிஎம் போய்ச் சேர வேண்டும். எஸ்எக்ஸ்1276, எஸ்எஃப்9 (செய்தியை நேரத்தில் எவ்வளவு நீட்டி அனுப்புகிறோம் என்பதைச் சொல்லும் ஸ்பிரெட்டிங் ஃபேக்டர் 9) அமைப்பில் −129 வரை கேட்கும். ஐம்பது டெசிபலுக்கு மேல் கையிருப்பு! அப்படியிருந்தும் ஏன் பலருக்கு 300 மீட்டரில் அறுந்துபோகிறது?

காரணம் தரையும் பயிரும். அலை நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில் மட்டும் போவதில்லை. நடுவில் பருத்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. 800 மீட்டர் தூரத்துக்கு நடுவழியில் அதன் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 5 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். ஆன்டெனாவை இடுப்பு உயரத்தில் வைத்தால் பாதி அலை தரையிலேயே செத்துவிடும். சமதரையில், நம்முடைய தூரங்களில், ஒரு முனையின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் கிடைக்கும். திறனை நாலு மடங்காக்கினால் கிடைப்பதும் அதே 6 டெசிபல்தான். 3 மீட்டர் ஜிஐ பைப்பை 6 மீட்டராக மாற்றுவது எந்த மாட்யூலையும்விட மலிவு.

அதனால் பாகங்கள் வாங்கும் முன்பே வீட்டு மொட்டைமாடியில் ஏறிக் கிணறு இருக்கும் திசையைப் பாருங்கள். மோட்டார் கொட்டாயின் கூரை தெரிகிறதா? தெரிந்தால் கவலையில்லை. தென்னந்தோப்பு குறுக்கே இருந்தால் ஓலைக்கு மேலே ஏற முடியாது. மரத்தண்டு உயரத்திலேயே கம்பம் வைத்துச் சோதிக்க வேண்டும். கரும்பு இருந்தால் அது முழு உயரம் வளர்ந்து, மழையில் நனைந்து நிற்கும் நாளை மனதில் வையுங்கள். மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருக்கும் மாதத்தில் சோதித்துவிட்டு "நன்றாக வேலை செய்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. இடையில் ஏரிக்கரை மட்டும் என்றால் இரு பக்கமும் உயரம் கூட்டிச் சமாளிக்கலாம். வேலூரைச் சுற்றியுள்ள கருங்கல் குன்றுகளில் ஒன்று குறுக்கே நின்றால் எந்தத் திறனும் ஊடுருவாது. இரு முனைக்கும் தெரிகிற ஓர் இடத்தில், தெரிந்தவர் வீட்டு மாடியில், மூன்றாவது போர்டை வைத்து வாங்கி அனுப்புவதுதான் வழி.

பாகங்கள்

ஒரு முனைக்கு வேண்டியவை: மேலே சொன்ன லோரா மாட்யூல் ஒன்று, 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ புரோ மினி ஒன்று. எம்சிபி1700 வகை 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று. 100 நானோஃபாரட் செராமிக் கப்பாசிட்டர் நாலைந்து. 10 மைக்ரோஃபாரட் ஒன்று. 100 மைக்ரோஃபாரட் ஒன்று. எஸ்எம்ஏ சாக்கெட் (ஆன்டெனா திருகும் இடம்) இரண்டு. கிணற்று முனைக்கு மட்டும் கூடுதலாக ஒரு 18650 லித்தியம் செல், டிபி4056 சார்ஜர் போர்டு, 230-க்கு 6 வோல்ட் சிறு டிரான்ஸ்ஃபார்மர் மூன்று, 1என்4007 டையோடு பன்னிரண்டு, 10 மைக்ரோஃபாரட், 47 கிலோஓம், 10 கிலோஓம் மும்மூன்று, 4.7 கிலோஓம் ஒன்று. வீட்டு முனைக்குப் பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்ஈடி, ஒரு பஸர், மொபைல் சார்ஜர்.

5 வோல்ட் ஆர்டுயினோ யூனோவை லோரா மாட்யூலோடு நேராக இணைக்காதீர்கள். மாட்யூலின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. சில நாள் ஓடுவது போலத் தெரியும், பிறகு போய்விடும்.

ரெகுலேட்டரிலும் பலர் ஏமாறுவார்கள். எங்கும் கிடைக்கிற ஏஎம்எஸ்1117 பேட்டரிக்கு ஏற்றதல்ல. சும்மா இருக்கும்போதே 5 மில்லியாம்ப் அளவில் குடிக்கும். உள்ளே வருவது வெளியே போவதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். 3.7 வோல்ட் செல்லிலிருந்து அது 3.3 தராது. எம்சிபி1700 சும்மா இருக்கையில் எடுப்பது 2 மைக்ரோஆம்புக்கும் குறைவு. ஆனால் அதற்கு உள்ளே 6 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது.

இணைப்பு

ரேடியோவுக்கான ஆர்டுயினோ பின்கள்: எஸ்சிகே 13, மிசோ 12, மோசி 11, என்எஸ்எஸ் 10, ரீசெட் 9, டிஐஓ0 2. நூலகங்கள் பெரும்பாலும் இதையே எதிர்பார்க்கும். ஒயர்கள் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

மாட்யூலின் மின்சாரப் பின்னிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் 100 நானோஃபாரடும் 10 மைக்ரோஃபாரடும் வையுங்கள். 100 மைக்ரோஃபாரட் சற்றுத் தள்ளி இருக்கலாம். +17 டிபிஎம்மில் அனுப்பும் கணத்தில் மாட்யூல் 90 மில்லியாம்ப் அளவுக்கு இழுக்கும். கப்பாசிட்டர் இல்லையென்றால் அந்த இழுப்பில் வோல்ட்டேஜ் சரிந்து ஆர்டுயினோ ரீசெட் ஆகும். "கேட்கும்போது சரியாக இருக்கிறது, அனுப்பும்போது திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது" என்றால் இதுதான் காரணம்.

இந்த மாட்யூல்களின் பின் இடைவெளி 2 மில்லிமீட்டர். சாதாரண ஓட்டைப் போர்டு 2.54. அடாப்டர் போர்டு சேர்த்து வாங்குங்கள். கம்பியை வளைத்துச் சால்டர் செய்தால் ஓரத்துப் பட்டை பிய்ந்து வரும்.

மூன்று ஃபேஸைப் பார்ப்பது

மூன்று மொபைல் சார்ஜரை ஒவ்வொரு ஃபேஸுக்கும் போட்டு, மூன்றும் எரிந்தால் மின்சாரம் உண்டு என்று முடிவு செய்யும் குறுக்குவழி தவறு. சார்ஜர் 100 வோல்ட்டிலேயே வேலை செய்யும். ஒரு ஃபேஸ் போன பிறகும், பக்கத்துக் கழனியில் கண்டென்சர் போட்டு ஓட்டும் மோட்டாரிலிருந்து அந்தக் கம்பியில் அரைகுறை வோல்ட்டேஜ் திரும்பி வரும். சார்ஜர் அதையும் மின்சாரம் என்றே எடுத்துக்கொள்ளும். நீங்கள் போய் ஸ்டார்ட்டரைப் போட்டால் மோட்டார் உறுமும்.

எனவே அளக்க வேண்டும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒரு 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். அதன் பின்னால் நாலு டையோடு பிரிட்ஜ், 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், பிறகு 47 கிலோஓம், 10 கிலோஓம் பிரிப்பு. 10 கிலோஓம் மீதுள்ள வோல்ட்டேஜ் அனலாக் பின்னுக்குப் போகும். சுமையில்லாத டிரான்ஸ்ஃபார்மர் 6 வோல்ட்டுக்கு மேலேயே தரும். பிரிட்ஜுக்குப் பிறகு 10 வோல்ட் அளவில் இருக்கும். பிரிப்புக்குப் பின் அது 1.8-ஐ ஒட்டி வரும், 3.3-ஐத் தொடாது. மல்டிமீட்டரில் உண்மையான வோல்ட்டேஜைப் பார்த்து, ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனித்தனியாகப் பெருக்கல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் 180-க்கு மேலே, மூன்றுக்கும் இடையே வித்தியாசம் 30-க்குக் கீழே இருந்தால் மட்டும் பச்சை.

230 வோல்ட் பக்கத்து இணைப்பை வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். ஒவ்வொரு ஃபேஸ் ஒயரிலும் ஃபியூஸ் வேண்டும். ஸ்டார்ட்டருக்கு முன்னால், மெயின் சுவிட்ச் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். மோட்டார் பக்கம் எடுத்தால், ஓடும் மோட்டாரே போன ஃபேஸை உற்பத்தி செய்து காட்டும்.

செல்லுக்கு: டிபி4056 போர்டில் 1.2 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அதனால் 1 ஆம்பில் சார்ஜ் செய்யும். அதை எடுத்துவிட்டு 4.7 கிலோஓம் போட்டால் கால் ஆம்ப் அளவுக்கு இறங்கும். தகரக் கொட்டாயில் அக்னி நட்சத்திரத்து மதியம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பெட்டியைக் கூரையை ஒட்டி வைக்காமல் வடக்குச் சுவரில் தாழ வையுங்கள்.

ஆன்டெனா

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 866 மெகாஹெர்ட்ஸின் கால் அலைநீளம் 86.5 மில்லிமீட்டர். கம்பி கனத்துக்கும் முனை விளைவுக்கும் ஐந்து சதவீதம் கழித்தால் 82. ஒற்றைக் கம்பி செம்பு ஒயர், 14 கேஜ், போதும்.

நாலு ஓட்டைத் தகடு உள்ள எஸ்எம்ஏ சாக்கெட்டை எடுங்கள். நடுப் பின்னில் கம்பியை நிமிர்த்திச் சால்டர் செய்து, சால்டர் முனையிலிருந்து 84 மில்லிமீட்டரில் வெட்டுங்கள், பிறகு குறைத்துக்கொள்ளலாம். தகட்டின் நாலு மூலை ஓட்டையிலும் 90 மில்லிமீட்டர் கம்பி ஒவ்வொன்று சால்டர் செய்து, 45 டிகிரி கீழ்நோக்கி மடக்குங்கள். மடக்காமல் கிடையாகவே விட்டால் மின்மறுப்பு 36 ஓம் அருகில் நிற்கும். கீழே சாய்த்தால் மாட்யூல் எதிர்பார்க்கும் 50-ஐ நெருங்கும். தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் 60 வாட் அயர்ன் வேண்டும். சால்டர் மினுமினுப்பாகப் பரவாமல் உருண்டையாக நின்றால் உள்ளே ஒட்டவில்லை என்று பொருள். முதல் காற்றிலேயே கழன்றுவிடும்.

நானோவிஎன்ஏ (ஆன்டெனா எந்த அலைவரிசைக்குப் பொருந்துகிறது என்று திரையில் காட்டும் சிறு கருவி) கையில் கிடைத்தால், ஆன்டெனா பூட்டும் இடத்திலேயே ஓபன், ஷார்ட், 50 ஓம் வைத்து அளவீடு செய்துவிட்டுப் பாருங்கள். பள்ளம் 866-க்குக் கீழே விழுந்தால் கம்பி நீளம். ஒரு மில்லிமீட்டர் வெட்டினால் சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ஏற்காமல் திருப்பும் அலையைக் காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 2-க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடுங்கள். 1.5-ஐ 1.1 ஆக்குவதற்குப் பாடுபட்டு மிச்சப்படுவது 0.2 டெசிபல்கூட இல்லை.

கடையில் ஆன்டெனா வாங்கினால் இரண்டு பொறிகள். வைஃபை ஆன்டெனா 2.4 கிகாஹெர்ட்ஸுக்கானது. அதோடு அதன் திருகு ஆர்பி-எஸ்எம்ஏ வகை: நம் சாக்கெட்டில் நன்றாகத் திருகிக்கொள்ளும், ஆனால் நடுவில் ஊசியும் ஊசியும் அல்லது ஓட்டையும் ஓட்டையும் எதிரெதிரே நிற்கும், தொடாது. திருகும் முன் நடுவைப் பாருங்கள்.

போர்டைக் கீழே வைத்துக் கேபிளை மேலே ஏற்றுவதானால், ஆர்ஜி58 மீட்டருக்கு அரை டெசிபலுக்கு மேல் தின்னும். 10 மீட்டரில் 5 டெசிபலுக்கு மேல் போய்விடும். கம்பம் உயர்த்தியதன் பலன் கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்தது. கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி6 மீட்டருக்கு 0.2 டெசிபல் அளவில்தான் இழக்கும். அது 75 ஓம் ஆயிற்றே என்று கேட்பார்கள். அந்தப் பொருத்தமின்மையால் வரும் இழப்பு அரை டெசிபலுக்கும் கீழே. அதன் அலுமினிய வலையில் சால்டர் பிடிக்காது, எஃப் கனெக்டர் நசுக்கி, எஃப்-எஸ்எம்ஏ அடாப்டர் போடுங்கள். இதைவிட நல்லது, ரேடியோ போர்டையே பிளாஸ்டிக் பெட்டியில் கம்பத்தின் உச்சியில் வைத்து, கீழிருந்து மின்சாரத்தையும் சென்சார் ஒயரையும் மட்டும் அனுப்புவது. எதைச் செய்தாலும் ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனா போகக் கூடாது. இரு முனையிலும் ஆன்டெனா செங்குத்தாகவே நிற்கட்டும். ஒன்று படுத்துக் கிடந்தால் 20 டெசிபல் வரை போகும். ஆன்டெனா இல்லாமல் ஒருபோதும் அனுப்பாதீர்கள். கம்பத்துக்கு எர்த் கட்டாயம். கோடை மழை இடியோடு வரும் ஊர் இது.

நிரலில் மாற்ற வேண்டியவை

மாதிரி நிரல்களில் பெரும்பாலும் 915 மெகாஹெர்ட்ஸ் என்றிருக்கும். அது இங்கே செல்போன் சேவையின் பட்டையோரம். முதலில் அதை மாற்றுங்கள். லோராவான் (லோராவில் ஓடும் பொது வலையமைப்பு) கருவிகள் 865.0625, 865.4025, 865.985 ஆகியவற்றில் பேசும். அவற்றுக்கு விலகி 866.3 வைத்துக்கொள்ளலாம். ஃபாஸ்டேக் படிக்கும் கருவிகளும் இதே 865–867 பட்டையில்தான். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை ஒட்டிக் கழனி இருந்தால் இரண்டு மூன்று அலைவரிசைகளை மாற்றி மாற்றிச் சோதித்துத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்பிரெட்டிங் ஃபேக்டர் 9, அகலம் 125 கிலோஹெர்ட்ஸ், கோடிங் 4/5, சிஆர்சி (செய்தி கெடாமல் வந்ததா என்று பார்க்கும் சோதனை) போட்டிருக்கட்டும். இந்த அமைப்பில் 10 பைட் செய்தி காற்றில் 144 மில்லிசெகண்ட் இருக்கும். எஸ்எஃப்12 வைத்தால் ஏழு டெசிபல் கூடும், ஆனால் அதே செய்திக்கு ஒரு செகண்ட் ஆகும்; பக்கத்துக் கொல்லைக்காரரும் இதே கருவி வைத்தால் ஒன்றோடொன்று மோதும். தூரம் கூட வேண்டும் என்று அகலத்தை 125-க்குக் கீழே இறக்காதீர்கள். வெயிலில் இருக்கும் மாட்யூலின் கிரிஸ்டலும் வீட்டு நிழலில் இருப்பதன் கிரிஸ்டலும் வேறு வேறு பக்கம் நகரும். குறுகிய அகலத்தில் ஒன்றை ஒன்று கேட்காது.

திறன் 17 டிபிஎம், வெளியேறும் பின் 'பிஏ பூஸ்ட்'. இந்த மாட்யூல்களில் ஆன்டெனா அந்தப் பின்னோடுதான் இணைந்திருக்கிறது. நிரலில் சிப்பின் இன்னொரு வெளியேறும் பின்னான ஆர்எஃப்ஓ என்று இருந்தால் பிழை எதுவும் காட்டாது, மேசையில் வேலையும் செய்யும், தெருமுனையில் செத்துவிடும்.

செய்தியில் முகவரி 2 பைட், வரிசை எண் 1, மூன்று ஃபேஸ் வோல்ட்டேஜ் 3, செல் வோல்ட்டேஜ் 1. நிலை மாறினால் உடனே மூன்று முறை, சீரில்லாத இடைவெளிகளில் அனுப்பட்டும். மாறாவிட்டாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. வீட்டில் மூன்று செய்தி தொடர்ந்து வராவிட்டால் மஞ்சள் எரிய வேண்டும். 'மின்சாரம் இல்லை' என்பதும் 'தகவல் இல்லை' என்பதும் ஒரே விளக்காக இருந்தால், செல் தீர்ந்த நாளிலும் சிவப்பை நம்பிக்கொண்டு தூங்குவீர்கள். ஆர்டுயினோவின் பவர் எல்ஈடியையும் ரெகுலேட்டரையும் எடுத்துவிட்டு, இடையில் தூங்க வைத்தால், ஒரு மாதம் மின்சாரமே வராவிட்டாலும் செல் தாங்கும்.

மோட்டாரையே இதன் மூலம் ஓட விடலாமே என்று அடுத்துத் தோன்றும். கிணற்றில் யாரும் இறங்கியிருக்கவில்லை என்று வீட்டிலிருந்து தெரியாது. அதை இந்தக் கருவியில் சேர்க்காதீர்கள்.

சோதனை, கோளாறு

மேசைமீது இரண்டையும் ஒட்டி வைத்து முழுத் திறனில் அனுப்பினால் ரிசீவர் திணறும். திறனை 2 டிபிஎம் ஆக்கி, 3 மீட்டர் தள்ளி வையுங்கள். ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேரும் சிக்னலின் பலம்) −40 அல்லது −50 வர வேண்டும். −80 என்றால் ஆன்டெனாவோ சால்டரோ சரியில்லை; கழனிக்கு எடுத்துப்போய்ப் பயனில்லை. மாட்யூல் பேசவே இல்லையென்றால் நிரலில் சிப்பின் 42 என்ற பதினாறடிமான (ஹெக்ஸ்) முகவரியைப் படியுங்கள். 12 வந்தால் சிப் உயிரோடு இருக்கிறது. 00 அல்லது எஃப்எஃப் வந்தால் ஒயர் தப்பு, பெரும்பாலும் மிசோவும் மோசியும் இடம் மாறியிருக்கும்.

கழனியில் ஐம்பது செய்தி அனுப்பி எண்ணுங்கள். எஸ்எஃப்9-க்கு எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம், டெசிபலில்) −12.5 வரை தாங்கும். ஆனால் கோடையில் +5-க்குக் கீழே இருந்தால், கரும்பு வளர்ந்ததும் அறுந்துவிடும். இப்போதே கம்பத்தை உயர்த்துங்கள். ஆர்எஸ்எஸ்ஐ நன்றாக இருந்தும் எஸ்என்ஆர் மோசமென்றால் அருகில் இரைச்சல் இருக்கிறது. வீட்டு முனையை மொபைல் சார்ஜரிலிருந்து பவர்பேங்குக்கு மாற்றிப் பாருங்கள். தேறினால் சார்ஜர்தான் குற்றவாளி.

ஸ்டார்ட்டர் போடும்போதோ நிறுத்தும்போதோ மட்டும் கருவி உறைந்துபோனால், அது கான்டாக்டர் காயிலின் பொறி. காயிலுக்குக் குறுக்கே 100 ஓம், 100 நானோஃபாரட் சேர்ந்த ரெடிமேட் ஸ்னப்பரை (பொறி அடக்கும் பாகம்), காயில் வோல்ட்டேஜுக்குத் தகுந்ததாகப் பார்த்து, வயர்மேனைப் போடச் சொல்லுங்கள். நிரலில் வாட்ச்டாக் டைமரையும் (உறைந்தால் தானே ரீசெட் செய்வது) ஓட விடுங்கள்.

சொந்தப் போர்டு

ஒரு மழைக்காலம் தாங்கிய பிறகு பிசிபி அடியுங்கள், அதற்கு முன் வேண்டாம். இரண்டு அடுக்கு, 1.6 மில்லிமீட்டர் எஃப்ஆர்4 போதும். அடி அடுக்கு முழுவதும் கிரவுண்ட், அதைக் கீறி ஒயர் ஓட்டாதீர்கள். மாட்யூலிலிருந்து எஸ்எம்ஏ வரை உள்ள பட்டை 3 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் 50 ஓம் வரும். நீளம் 10 மில்லிமீட்டருக்குள். பட்டையின் இரு பக்கமும் 5 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வயா (இரு அடுக்கையும் இணைக்கும் துளை) போட்டு மேல் கிரவுண்டை அடியோடு தையுங்கள். அந்த மேல் செம்பு பட்டையிலிருந்து 3 மில்லிமீட்டராவது தள்ளி நிற்கட்டும், நெருங்கினால் 50 ஓம் கணக்கு மாறிவிடும். பட்டையின் நடுவில் 0603 அளவுச் சிறு பாகத்துக்குத் தொடர் இடம் ஒன்று, கிரவுண்டுக்கு இரு பக்கமும் இடம் ஒவ்வொன்று விட்டுவைத்து, தொடரில் பூஜ்ய ஓம் மட்டும் சால்டர் செய்யுங்கள். ஆன்டெனா மாறினால் பொருத்தம் சரிசெய்ய அந்த இடங்கள் உதவும்.